பல்லுக்காட்டியின் கடைசி வியாழக்கிழமை

போன மாதம் பாரிசில் ரூ காய் தெருவில் முடி வெட்டப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தன் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ, நல்ல பகிடி" என்றார். வாசித்தேன். ஒருவன் பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், எடுக்கப் பிரெஃபெக்தூர் அலுவலக வரிசையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறான். மனைவி கேட்கிறாள்: "பிறந்த பத்திரம், வாடகைப் பத்திரம், கறண்ட் பில் எல்லாம் கொண்டு போனீங்கள். மூளையை மட்டும் என்னத்துக்கு வீட்டை வைச்சிட்டுப் போனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பகிடியைத் தட்டெழுதி எங்கள் இணையத்தளத்தில் ஏற்றியவன் நான். "இது எங்கட பல்லுக்காட்டியிலை வந்தது" என்றேன். "அதென்ன அண்ணை பல்லுக்காட்டி?" என்று கேட்டார் மனுசன். கழுத்தில் துணியைக் கட்டி, காதுக்குப் பின்னால் கத்தியும் வைத்திருந்தபடியால் நான் பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பாரிசுக்கு வந்த கதையையும் சமையலறைகளில் கோப்பை கழுவிய கதையையும் விடுகிறேன். அது எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது, யாருடையதும் மற்றவருடையதை விடச் சுவையானதல்ல. ஊரில் அச்சுக்கோர்த்த அனுபவம் கொஞ்சம் இருந்ததால் லா சப்பலில் பரமண்ணையின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வூதியம் எடுக்கும் வரை அங்கேயேதான் இருந்தேன். கலியாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், மரண அறிவித்தல், கடைகளின் நாட்காட்டி, இவைதான் எங்கள் தொழில். அதன் பின்னறையில், இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு நடத்தியதுதான் பல்லுக்காட்டி என்ற பகிடித் தளம். காலையில் மரண அறிவித்தல் அடித்த அதே கையால் பின்னேரம் பகிடி ஏற்றுவேன். ஒருநாளாவது மாறி ஏற்றிவிடுவேனோ என்று பயந்தபடியே வேலை செய்தேன். கடவுளே என்று அப்படி நடக்கவில்லை.

பரமண்ணை சிரிக்க மாட்டார். பகிடித் தளம் நடத்தியவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது இரண்டே தரம், இரண்டும் பழுதாய்க் கிடந்த அச்சு இயந்திரம் திரும்ப ஓடிய நாட்கள். வருகிற பகிடியைப் பெரிய எழுத்தில் கடதாசியில் எடுத்து, காதில் செருகிய பென்சிலைக் கையில் எடுத்து, மரண அறிவித்தல் வாசிக்கும் அதே குரலில் வாசிப்பார். "இந்தக் குரலிலை வாசிச்சும் ஆள் சிரிச்சா, அது பகிடி. இல்லாட்டி நடிப்பு" என்பார்.

ஒரு பகிடி தளத்துக்குப் போவதற்கு முன் கடதாசியில் மூன்று சரி அடையாளம் விழ வேண்டும். அழைப்பிதழ் எடுக்க வந்து காத்திருப்பவர் ஒருவர் சிரித்தால் ஒன்று. வேலை முடிந்து கால் கடுக்க வருகிற ஒருவர் சிரித்தால் இரண்டு. மூன்றாவதுதான் கரைச்சலானது. பகிடி யாரைப் பற்றியதோ அந்த ஆளின் முன்னால் வாசிக்க வேண்டும். அவர் சிரிக்காவிட்டால் கடதாசி குப்பைக்குள். பல நல்ல பகிடிகள் இப்படிக் குப்பைக்குப் போயின. நான் சண்டை பிடித்திருக்கிறேன். "முகத்துக்கு முன்னாலை சொல்ல ஏலாததைக் கொம்பியூட்டரிலை சொன்னா அது பகிடி இல்லை, குலம். அது புறணி" என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஒருமுறை, நல்ல படம் வரவில்லை என்று தாலியை அவிழ்த்து இன்னொருக்காக் கட்டச் சொன்ன வீடியோக்காரரைப் பற்றி ஒரு பகிடி வந்தது. அந்த வீடியோக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். பரமண்ணை அவரைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, மாரடைப்பில் காலமானார் என்று சொல்லும் குரலில் முழுவதையும் வாசித்தார். மனுசன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஆர் இதை எழுதினது? ஒருக்கா இல்லை, நான் மூண்டு தரம் கட்ட வைச்சனான். திருத்திப் போடுங்கோ" என்றார். திருத்தித்தான் போட்டோம்.

2009ஆம் ஆண்டு மே மாதம் தளம் நின்றது. நிறுத்துவோம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அச்சகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே அலுவலுக்காகத்தான் வந்தார்கள். சிலர் பெயர் சொல்லத் தொடங்கி, அது மரண அறிவித்தலா, காணவில்லை என்ற அறிவித்தலா என்று தெரியாமல் எழும்பிப் போனார்கள். பின்னறைக் கதவைப் பரமண்ணை சாத்தி வைத்தார். நான் அதைத் திறக்கவில்லை.

மறுவருடம் தை பிறந்த பிறகு தளத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "ஐயாமார், உங்கட தளத்தைத் திறவுங்கோ. வேலையாலை வந்து சும்மா குந்தியிருக்கிறன் எண்டு என்ர மனிசி பேசுறா. கீழை ஒண்டு எழுதியிருக்கிறன். சரியெண்டால் போடுங்கோ." எழுதியவர் சிவநேசன். பாரிசுக்கு வெளியே, லா கூர்னெவில் ஒரு பொருட்கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. கீழே இருந்தது நான் முதலில் சொன்ன அந்தப் பிரெஃபெக்தூர்ப் பகிடி.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அதை வாசித்து நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். பரமண்ணை பின்னால்தான் நின்றார். கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "மனிசி கேட்டவவோ எண்டு கேள். கேட்டுச் சிரிச்சவ எண்டால் திறப்பம்" என்றார்.

தொலைபேசி எடுத்தேன். "ஓமோம், வாசிச்சுக் காட்டினனான். நல்லாச் சிரிச்சவ" என்றார் சிவநேசன். அவவோடு ஒரு சொல் கதைக்கலாமா என்றேன். வேலைக்குப் போய்விட்டா என்றார். சரி என்று மூன்றாவது சரியையும் போட்டுவிட்டேன். தளத்தைத் திறந்தோம்.

வியாழக்கிழமை தோறும் சிவநேசன் எழுதிய "கூர்னெவ் மனிசி" தளத்தில் வந்தா. இரண்டு மாதத்தில் சனம் அவவுக்காகவே தளத்துக்கு வரத் தொடங்கியது. றெயின்காரர் வேலைநிறுத்தம் செய்தால், "இந்த வீட்டுச் சமையல்காரி எப்ப கிரேவ் செய்யிறது எண்டு அவங்களிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று புருசனை அனுப்புவா. மரக்கறிக் கடையில் பெண்கள் அவ சொன்னதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு கிழமையும் தொலைபேசி எடுப்பேன், அவர் "கேட்டவ, சிரிச்சவ" என்பார், நான் சரி போடுவேன். இரண்டு வருடம் இப்படியே போட்டேன். அவ குரலை நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவும் இல்லை.

பிறகு ஒரு தைப்பொங்கலுக்கு, ரூ காயில் சாறிக்கடை வைத்திருந்த முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "குலமண்ணை, அந்த மனிசி வாயாலை என்ர கடையைப் பற்றி ரெண்டு வரி வந்ததிலை இருந்து நல்ல யாவாரம். அவவுக்கு ஒரு சாறி குடுக்க வேணும். நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார். மாம்பழ நிறம், பச்சைக் கரை. நல்ல சாறி. சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்துவோம் என்று, ஒரு ஞாயிறு பின்னேரம் கார் து நோர் நிலையத்தில் றெயின் எடுத்து லா கூர்னெவுக்குப் போனேன்.

கதவைத் திறந்த சிவநேசன் என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "மனிசி நிக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போட்டா."

"ஞாயிற்றுக்கிழமையுமோ? பரவாயில்லை, இருந்து கையிலை குடுத்திட்டுப் போறன்."

எனக்குப் பிடிவாதம் கூட. என் வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் தேநீர் போட்டுத் தந்தார். குடித்தேன். ஊர்க்கதை கதைத்தோம். ஒரு மணித்தியாலம் போயிற்று. இன்னொரு தேநீர் வந்தது. அவர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பி யன்னலைச் சாத்தினார்.

"குலமண்ணை, இருக்காதேங்கோ" என்றார். "அவ வரமாட்டா."

சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு கோவையை எடுத்து மேசையில் வைத்தார். காணாமல் போனோரைத் தேடும் இடங்களுக்கு எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள், முன்னால் அவவின் படம்.

"குடும்பத்தை எடுக்கிற பப்பியே சரிவந்து கடிதம் என்ர கைக்கு வந்தது ரெண்டாயிரத்தி ஒன்பது மாசி மாசம். அவ அப்ப வன்னிக்குள்ளை. சித்திரையிலை ஒருக்கா ஆரோ போன் எடுத்துக் குடுத்தவை. 'அங்கை குளிராம், சப்பாத்து வாங்கி வையுங்கோ, என்ர கால் அளவு தெரியுமோ' எண்டு கேட்டவ. எனக்குத் தெரியேல்லை, அண்ணை. 'கட்டின மனிசியின்ர கால் அளவு தெரியாத ஆம்பிளை' எண்டு பேசினவ. பேசிக்கொண்டிருக்கேக்கையே லைன் போட்டுது. அதுக்குப் பிறகு கதை இல்லை."

கோவையை மூடிவிட்டு அவரே சொன்னார்: "என்னைக் கண்டா சனம் சத்தத்தைக் குறைக்குது. அவவைப் பற்றிச் செத்த வீட்டுக் குரலிலைதான் கேக்கினம். உங்கட தளத்திலை மட்டும்தான் அவ சத்தம் போட்டு என்னைப் பேசுறா. அங்கை ஒருத்தரும் அவவுக்காக அழேல்லை, சிரிக்கினம். அதுதான் எழுதினனான். பொய் சொன்னது பிழைதான்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் நானும் அந்தச் சனத்தில் ஒருவனாகிவிடுவேன் என்று ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தேன். சாறியைத் திரும்பக் கொண்டுபோகவா என்றேன். "வையுங்கோ, அண்ணை" என்றார். "கரை அவவுக்குப் பிடிக்காது. ஆனால் வையுங்கோ."

அடுத்தநாள் பரமண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"மூண்டாவது சரி எத்தினை போட்டனீ?"

"எல்லாத்துக்கும் போட்டனான்."

"ஒருக்காலும் அவவோடை கதைக்காமலோ?"

"ஓம்."

"அப்ப அது சரி இல்லை, குலம். களவு."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரண்டு நாளும் நான் எனக்குள் பொருமினேன்: சனத்துக்கு உண்மையைச் சொல்லி நிறுத்துவதா, சொல்லாமல் நிறுத்துவதா, எப்படி நிறுத்தினாலும் அந்த மனுசனுக்கு என்ன ஆகும் என்று. மூன்றாம் நாள் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.

"அவரை வியாழக்கிழமையளிலை இஞ்சை வரச் சொல்லு. எழுதினதை அவரே சத்தமா வாசிக்கட்டும். அவ சிரிக்க மாட்டா எண்டு அவருக்குத் தெரிஞ்ச இடத்தை அவரே வெட்டட்டும். நீ முன்னாலை இருந்து பார். வெட்டாமல் வந்தா சரி போடாதை."

"அவ இல்லாமல் அதென்னெண்டு சரியாகும்?"

"அவவை அவரை விட ஆருக்குத் தெரியும்? போய்ச் சொல்லு."

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில், காலை வேலை முடிந்து சிவநேசன் வருவார். மேலங்கியைக் கழற்றாமல் நின்றபடியே வாசிப்பார். ஒரு வரியில் நிற்பார். "இது கூடிப்போச்சு. தாயைப் பற்றி எண்டால் கோவிப்பா" என்று வெட்டுவார். "இது என்ர புளுகு, அவ இப்பிடிச் சொல்ல மாட்டா" என்று இன்னொன்றை வெட்டுவார். அவர் வாசிக்கும்போது ஒருநாளும் சிரித்ததில்லை. வெட்டுகிற போதுதான் சில நேரம், மனிசியின் பேச்சிலிருந்து தப்பியவர் மாதிரி முகம் தெளியும். எத்தனையோ எழுத்தாளர்களைக் கண்டிருக்கிறேன், தன் எழுத்தை இவ்வளவு நேர்மையாக வெட்டியவரைக் காணவில்லை.

சாறி கிடைத்த கிழமை மனிசி தளத்தில் சொன்னா: "முதலாளி நல்ல மனுசன், கண்தான் சரியில்லை. மாம்பழத்துக்கு ஆராவது பச்சைக் கரை வைப்பினமோ? காய் எண்டெல்லோ சனம் அமத்திப் பாக்கும்!" முதலாளி அதைக் கடதாசியில் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அதே மாதிரிப் பச்சைக் கரைச் சாறியைப் பார்க்கவென்றே பெண்கள் வந்தார்கள். சிவநேசனும் ஒருநாள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டு வந்தாராம்.

வருடங்கள் போயின. பகிடிகள் கைத்தொலைபேசிக் குழுக்களுக்குக் குடிபோயின. எங்களுக்கு எழுதுகிறவர்கள் அங்கேயே எழுதினார்கள், அங்கே சரி போடுகிறவர் யாரும் இல்லை. பரமண்ணைக்குக் கண் மங்கியது. எனக்கு ஓய்வூதியக் கடிதம் வந்தது. தளம் ஓடிய பழைய முறையை நிறுத்தப்போவதாக, இணையத்தில் இடம் தந்த நிறுவனமும் அறிவித்தது. புது முறைக்கு மாற்ற எங்கள் இருவருக்கும் தெம்பில்லை. ஒரு மாசி மாதக் கடைசி வியாழக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு மூடுவது என்று முடிவெடுத்தோம். முகப்பில் போட்டேன். பரமண்ணைக்காக ஒருவரும் கவலைப்படவில்லை, எனக்காக ஒருவரும் கவலைப்படவில்லை. "மனிசி இனி எங்கை?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அதே கேள்விதான் எனக்கும். மற்றவர்களுக்கு அது பகிடி, எனக்கு அப்படியில்லை. அவவுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடத்தை நான்தான் என் கையால் மூடப்போகிறேன்.

அந்தக் கிழமை செவ்வாய், எபினேயில் இருக்கும் சிவநேசனின் தமக்கை அச்சகத்துக்கு வந்தா. கையில் ஒரு படம். லா கூர்னெவில் கோவைக்குள் நான் கண்ட அதே படம். "தம்பி எழுதுற விசர்க்கதையும் இந்தக் கிழமையோடை முடியுதாம். இனியாவது அவளுக்கு ஒரு கிரியை செய்ய வேணும். அறிவித்தலை அடியுங்கோ, நான் அவனுக்குச் சொல்லுறன்" என்றா.

"நெருங்கின ஆள் வந்து சொல்லாமல் அடிக்கிறேல்லை, அக்கா."

"அவனுக்கும் வயசு போகுது, குலம். எத்தினை காலத்துக்கு இல்லாத ஆளோடை சீவிக்கிறது? நான் கெட்டவள் எண்டு நினைக்காதேங்கோ." சொல்லிவிட்டு அழுதா. அவவைக் கெட்டவள் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அந்த மனுசனுக்குச் சோறு கொடுத்தனுப்புகிறவ அவதான். ஆனாலும் படத்தை வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சிவநேசன் வந்தார். வழமையாகக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பவர், அன்று ஒரு கடித உறையோடு வந்தார். மரண அறிவித்தலுக்கு விபரம் கொண்டு வருகிறவர்கள்தான் உறையில் கொண்டு வருவார்கள்.

"அக்கா வந்திட்டுப் போனவவாம்" என்றார்.

"ஓம்."

"அடிச்சனீங்களோ?"

"இல்லை."

தலையை ஆட்டினார். உறையைத் திறந்து கடதாசியை எடுத்து, மேலங்கியோடு நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். பகிடிதான். ஆனால் இந்த முறை எழுதியது மனிசி. "இவ்வளவு காலமும் என்னைப் பற்றி இவர் எழுதினதை வாசிச்சுச் சிரிச்சீங்கள். இவர் விடுற குறட்டையைப் பற்றி ஒரு வரி எழுதினவரோ? மேல்வீட்டுக்காரர் கீழை வந்து, 'மதாம், உங்கட வீட்டிலை ஏதும் மெஷின் பழுதோ' எண்டு கேட்டதை எழுதினவரோ?" இப்படியே ஒரு பக்கம். அவரது குறட்டை, அவரது கஞ்சத்தனம், காயாத காலுறை, ஒன்றையும் விடவில்லை. ஒரு வரியும் வெட்டவில்லை.

கடைசியில் எழுதியவர் பெயர் இருந்தது. அத்தனை வருடமும் நாங்கள் மனிசி என்று மட்டுமே அறிந்தவவின் முழுப்பெயர்: தவமலர் சிவநேசன், லா கூர்னெவ்.

பப்பியே சரிவந்தும் வந்து சேராதவவை அவர் அந்த ஒற்றை வரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பரமண்ணை கடதாசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தானே மூன்று சரியும் போட்டார். ஏற்றினேன்.

அரை மணித்தியாலத்தில் பதில்கள் வரத் தொடங்கின. எல்லாம் பெண்கள். நான் சத்தமாக வாசித்தேன். "தவமலர் அக்கா, உங்கட வீட்டிலை மெஷின் எண்டால் இஞ்சை லொறி." "அக்கா, இவரை வித்திட்டு நல்லதா ஒண்டு வாங்குங்கோ." "அக்கா, எனக்கு இதே சாமான் ரெண்டு பிள்ளையளோடை கிடைச்சது." ஒருத்தி கனடாவிலிருந்து எழுதியிருந்தா: "இத்தினை நாளும் ஏன் அக்கா பேசாமல் இருந்தனீங்கள்?"

அதைக் கேட்டு சிவநேசன் சிரித்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவை. மேசையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். "பேசாமல் இருந்தவவாம்!" என்று பரமண்ணையைப் பார்த்துச் சொல்லித் திரும்பவும் சிரித்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "மூடுங்கோ, அண்ணை" என்றார்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றேன். உண்மையில் எனக்குத்தான் மூட மனம் வரவில்லை.

"வேண்டாம். இப்ப பேர் தெரிஞ்சிட்டுது. அவவுக்காக ஆராவது அழ வெளிக்கிட முந்தி மூடுங்கோ."

நான் பரமண்ணையைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். மூடினேன். திரை வெள்ளையாகியது.

சிவநேசன் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தார். அவர் மேலங்கியின் பொத்தானைப் பூட்டினார், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அட, றெயின் போகப்போகுது. நான் வாறன், குலமண்ணை. பிந்தினாப் பேசுவா" என்றார்.

"ஓம், கெதியாப் போங்கோ" என்றேன்.